தட்டுக்கு ஆறு சிப்பி

ஜனவரி முடிகிற நேரத்தில் எங்கள் தோட்டத்து ரப்பர் மரங்கள் இலையைக் கொட்டத் தொடங்கும். மலை முழுக்கச் செம்பு நிறமாகி, இரண்டு மூன்று வாரத்தில் வெறும் கிளையாக நிற்கும். பால் இறங்குவது குறைந்துவிடும். காலையிலிருந்து பொழுது சாய்கிறவரை சருகு ஓடுகிற சத்தம்தான். எனக்கு அந்தச் சத்தம் ஆகாது. யாரோ வருகிறார்கள், எழுந்து போய்ப் பார் என்று முதுகில் கைவைத்துத் தள்ளுகிற மாதிரி இருக்கும். சும்மாவே ஓரிடத்தில் உட்காரத் தெரியாதவள் நான். அந்த மாதம் வந்துவிட்டால் கேட்கவே வேண்டாம்.

அந்த மாதத்தில்தான் பங்களாவில் சிப்பி விருந்து நடக்கும்.

கேகாலைக்கும் ரம்புக்கனைக்கும் நடுவில் இருந்தது எங்கள் தோட்டம். கடலுக்கும் எங்களுக்கும் ஒரு தொடர்பும் கிடையாது. நான் அப்போது கடலைப் பார்த்ததுகூட இல்லை. இருந்தாலும் வருஷத்துக்கு ஒரு தடவை, சாக்கு நிறையக் கடல் எங்கள் மலைக்கு ஏறி வரும். இரண்டாவது உலக யுத்தத்துக்கு முன்னால் இருந்த ஒரு வெள்ளைக்காரத் துரை தொடக்கி வைத்த பழக்கம் அது. அவர் பிறந்தது கடலோர ஊராம். அங்கே மரமெல்லாம் மொட்டையாக நிற்கிற குளிர்காலத்தில் சிப்பியைப் பச்சையாகச் சாப்பிடுவார்களாம். இங்கே ரப்பர் மரம் மொட்டையானதைப் பார்த்ததும் அவருக்கு ஊர் நினைப்பு வந்துவிட்டது. புத்தளத்துக் கடலோரக் களப்பிலிருந்து சிப்பி வரவழைத்து, சுற்றுத் தோட்டத்துத் துரைமாரைக் கூப்பிட்டுப் பகல் சாப்பாடு வைத்தார். தட்டுக்கு ஆறு சிப்பி. அவர் போனபிறகு வந்த துரைகளும் அதை விடவில்லை. சாக்கு லாரியில் பொல்காவலை வரைக்கும் வந்து, அங்கிருந்து ரயிலில் ரம்புக்கனைக்கு வரும். மலை ஏறுவதற்கு அங்கே ரயிலுக்குப் பின்னால் இன்னொரு எஞ்சின் மாட்டுவார்கள். அதற்காக நிற்கிற நேரத்தில் நம் சாக்கை இறக்கிவிடுவார்கள்.

பங்களாவுக்கு ஏறுகிற பாதையின் இரண்டு ஓரத்திலும் அந்த ஓடுகளைத்தான் பதித்திருந்தார்கள். மீதி ஓடு நாங்கள் குடியிருந்த வரிசை வீடுகளுக்கு, லயத்துக்கு, வரும். அதைச் சுட்டு, வெற்றிலைக்குச் சுண்ணாம்பு ஆக்கிக்கொள்வார்கள். துரை முத்துத் தின்கிறார், அதனால்தான் அவர் முகம் அப்படிச் சிவந்திருக்கிறது என்று லயத்தில் ஒரு பேச்சும் இருந்தது. சின்ன வயதில் நானும் அதை நம்பினேன்.

என் வீட்டுக்காரர் பங்களாவில் கோக்கி. சமையல் முழுக்க அவர் பொறுப்பு. நான் முதலில் பால்வெட்டுக்குப் போய்க்கொண்டிருந்தேன். கல்யாணத்துக்குப் பிறகு குசினியில் அரைக்கவும் கழுவவும் என்னையும் எடுத்துக்கொண்டார்கள். நாலு வருஷம் சிப்பி விருந்துக்குக் கூட இருந்தேன். ஆனால் சிப்பியைத் தொட அவர் விடமாட்டார். கழுவுவதோடு சரி. அவர் கத்தியை எப்படிப் பிடிக்கிறார், எந்த இடத்தில் நுழைக்கிறார், எப்படித் திருப்புகிறார் என்று ஓரக்கண்ணால் பார்ப்பேன். பார்ப்பதை யார் தடுக்க முடியும்?

நான் சொல்லப்போகிற வருஷம், பங்களாவில் புதுத் துரை. எங்கள் தோட்டத்துக்கு வந்த முதல் சிங்களத் துரை அவர்தான். சின்னத் துரையாகப் பல தோட்டத்தில் இருந்து வந்தவர் என்பதால் நம் தமிழ் நன்றாகப் பேசுவார். அவருடைய சம்சாரம், நோனா, கண்டிப் பக்கத்துப் பெண். என்னைவிட மூன்று நாலு வயது இளையவர். தமிழ் தெரியாது. எனக்குச் சிங்களம் தண்ணீர் பட்ட பாடு. அடிவாரத்துக் கிராமத்துப் பிள்ளைகளோடு ஓடி விளையாடி வளர்ந்தவள். அதனால் நோனா எது கேட்பதென்றாலும் என்னிடம்தான் வருவார்.

தோட்டத்தில் எல்லாருக்கும் அந்த வருஷம் நிலை இல்லாமல் இருந்தது. இரண்டு அரசாங்கமும் ஒப்பந்தம் போட்டு நம் ஆட்களைப் பங்கு பிரித்திருந்தன; குடியுரிமை கேட்டு இந்தியாவுக்கு எழுதுவதா, இலங்கைக்கு எழுதுவதா என்பதே பேச்சு. காலையில் ஆள் கணக்கெடுக்கிற பெரட்டிலும் அதுதான், தண்ணீர் பிடிக்கிற பீலிக்கரையிலும் அதுதான். என் வீட்டுக்காரருடைய அண்ணன்மார் இரண்டு பேரும் இந்தியாவுக்கு எழுதிவிட்டார்கள். இவரும் தோட்டத்துப் பள்ளிக்கூட வாத்தியாரிடம் சொல்லி விண்ணப்பப் பாரத்தை நிரப்பி வாங்கி, தகரப் பெட்டிக்குள் வைத்திருந்தார். கையெழுத்து மட்டும்தான் பாக்கி. "விருந்து முடியட்டும், போட்டுக் குடுத்துருவோம்" என்றார். என்னிடம் யாரும் கேட்கவில்லை. நானும் வாயைத் திறக்கவில்லை. ஆனால் பெட்டியைக் கடக்கும்போதெல்லாம் அதைப் பார்க்காமல் சுற்றிக்கொண்டு போவேன். நான் பார்க்காத ஊர். அவரும் பார்க்காத ஊர்தான். அவருடைய அப்பா சொன்ன கதைகளில்தான் அந்த ஊர் இருந்தது.

விருந்து ஞாயிற்றுக்கிழமை. சாக்கு வெள்ளிக்கிழமை காலை வரவேண்டும். என் வீட்டுக்காரர் தோட்டத்து லாரியில் ரம்புக்கனைக்குப் போனார். வெறுங்கையோடு வந்தார். சாக்கைப் பொல்காவலையில் ஏற்ற மறந்துவிட்டார்களாம். துரை வராந்தாவில் குறுக்கும் நெடுக்கும் நடந்தார். நோனா சாப்பாட்டு மேசைத் துணியை மூன்று தடவை மாற்றினார். நான் குசினிக்கும் பின்வாசலுக்குமாக நடந்து தேய்ந்தேன். சனிக்கிழமையும் காலை ரயிலில் வரவில்லை. பகல் திரும்பியபிறகுதான் லாரிச் சத்தம் கேட்டது.

ஈரச் சாக்கை இறக்கியதும் ஒரு வாடை வந்தது. மற்ற வருஷம் வருகிற வாடை இல்லை. என் வீட்டுக்காரர் முகம் கறுத்தது. ஒன்றை எடுத்து, பழைய துணியில் சுற்றி இடது கையில் வைத்துக்கொண்டு, கத்தியைக் குத்தினார். அவசரம். ஓடு சறுக்கியது. கத்தி நேரே உள்ளங்கைக்குள் போய்விட்டது.

இரத்தம் கல்லில் சொட்டியது இன்னும் கண்ணில் நிற்கிறது.  என் சேலைத் தலைப்பைக் கிழித்துக் கட்டினேன். தோட்டத்து மருந்துக்காரர் வந்து பார்த்துவிட்டு, நரம்பு அறுந்திருக்கிறது, கேகாலை ஆஸ்பத்திரிக்கே கொண்டுபோங்கள் என்றார். துரை தன் காரிலேயே அனுப்பினார். நானும் ஏறப்போனேன்.

"நீ இரு புள்ள. பங்களாவ யாரு பாக்குறது?" என்றார் என் வீட்டுக்காரர். கதவைச் சாத்தும்போது மறுபடியும் தலையை நீட்டி, "சிப்பியத் தொட்டுறாத. நான் வந்து பாத்துக்குறேன்" என்றார்.

அவர் வரவில்லை. தையல் போட்டிருக்கிறது, இரண்டு நாள் வைத்திருப்பார்கள் என்று டிரைவர் வந்து சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமை விடிந்தபோது நான் குசினியில் நின்றுகொண்டிருந்தேன். நோனா ஒரு பழைய கொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு உள்ளே வந்தார். முன்னே இருந்த வெள்ளைக்காரத் துரைசானிமார் எழுதி வைத்துவிட்டுப் போனது. அலமாரிக்குள் கிடந்ததாம். நாங்கள் பேசியது சிங்களத்தில். இங்கே தமிழில் எழுதுகிறேன்.

"இதில் எல்லாம் எழுதியிருக்கிறது" என்று புரட்டினார். "யுத்தக் காலத்தில் ரயிலில் சாமான் ஏற்ற முடியவில்லையாம். மா ஓயா ஆற்றில் கிடக்கிற மட்டியைப் பொறுக்கிக் கொண்டுவந்து வைத்தார்களாம். துரைமார் எல்லாருக்கும் வயிற்றால் போயிருக்கிறது."

எனக்குச் சிரிப்பு வந்தது. அவருக்கும் வந்தது. ஆனால் இரண்டு பேருக்கும் அது சீக்கிரம் நின்றுவிட்டது.

"சிப்பியைப் பற்றி என்ன எழுதியிருக்கு நோனா?"

"வாய் மூடியிருந்தால் உயிரோடு இருக்கிறது. வாய் பிளந்திருந்தால் தட்டிப் பார். மூடிக்கொண்டால் நல்லது. மூடாவிட்டால் எறி. ஒன்று கெட்டிருந்தாலும் ஆளைப் படுக்கப் போட்டுவிடும்." கொப்பியை மூடிவிட்டு என்னைப் பார்த்தார். "உயிரோடா சாப்பிடுகிறார்கள்?"

"ஆமாம் நோனா."

"பவ் நேத?" என்றார். பாவம் இல்லையா என்று.  ஆடு கோழிக்கும் அதே பாவம்தான் என்று சொல்லத் தோன்றியது. சொல்லவில்லை.

சாக்கை அவிழ்த்து ஒவ்வொன்றாகத் தட்டத் தொடங்கினேன். சில உடனே வாயை இறுக்கின. சில மெதுவாக, மனசில்லாமல் மூடின. பாதிக்கு மேல் அசையவே இல்லை. அசையாததைப் பின்வாசலுக்கு வெளியே வாளியில் போட்டேன். வாளி நிறைந்தது. இன்னொரு வாளி எடுத்தேன். கடைசியில் மேசைமேல் ஐம்பத்துச் சொச்சம்தான் இருந்தது. விருந்துக்குப் பதினாறு பேர்.

நோனா அதைப் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு திடீரென்று, "நாம் ஒன்று சாப்பிட்டுப் பார்ப்போம்" என்றார். "மேசையில் என் முன்னாலும் வைப்பார்கள். எல்லாரும் பார்ப்பார்கள். அங்கே முதல் தடவையாகச் சாப்பிட எனக்குப் பயமாக இருக்கிறது."

கையில் துணியைச் சுற்றிக்கொண்டேன். இரண்டு ஓடும் சேருகிற மூட்டில் கத்தி நுனியை வைத்து, குத்தாமல், மெதுவாக அழுத்தி ஆட்டினேன். என் வீட்டுக்காரர் எப்போதும் குத்துவார். எனக்கு அந்தப் பலம் கிடையாது. கொஞ்ச நேரம் ஆட்டியதும் உள்ளே ஏதோ விட்டுக்கொடுத்தது. கத்தியைத் திருப்பினேன். டக்கென்று திறந்தது. சதையை அடியில் அறுத்து, தண்ணீர் சிந்தாமல் தட்டில் வைத்தேன். இரண்டாவதையும் திறந்தேன். எலுமிச்சை பிழிந்து, மிளகு தூவினேன்.

"நீ முதலில்" என்றார் நோனா.

"நீங்க முதல்ல" என்றேன்.

கடைசியில் இரண்டு பேரும் ஒன்றாக வாயில் கவிழ்த்தோம். முதலில் உப்பு. பிறகு இரும்புச் சட்டியை நக்கின மாதிரி ஒரு ருசி. மெல்லுவதா விழுங்குவதா என்று யோசிக்கிறதற்குள் தொண்டைக்குள் போய்விட்டது. நோனா வாயைப் பொத்திக்கொண்டு குசினிக்குள் ஒரு சுற்றுச் சுற்றினார். கண்ணில் தண்ணீர். "போய்விட்டது, போய்விட்டது" என்றார். எனக்குப் பிடித்ததா பிடிக்கவில்லையா என்று தெரியவில்லை. ஆனால் இன்னொன்று சாப்பிடலாம் போல இருந்தது. அதை நோனாவிடம் சொல்லவில்லை.

பத்து மணிக்கு மேல் துரை குசினி வாசலுக்கு வந்தார். மேசையைப் பார்த்தார். வெளியே இருந்த வாளிகளைப் பார்த்தார்.

"என்னா இது? இவ்வளவுதானா?"

"மத்ததெல்லாம் செத்துப்போச்சு தொரை."

"தட்டுக்கு ஆறு வைக்கணும். இத்தனை வருஷமும் ஆறுதான். நான் வந்த வருஷம் மூணா?" குரல் ஏறியது. "அந்த வாளியில உள்ளதுல கொஞ்சம் எடு. எலுமிச்சையப் புழிஞ்சா யாருக்குத் தெரியும்?"

நான் கத்தியைக் கீழே வைத்தேன்.  பங்களாவில் ஒரு துரையிடம் இல்லை என்று நான் அதற்குமுன் சொன்னதில்லை. என் வீட்டுக்காரரும் சொல்லிக் கேட்டதில்லை.

"அத வைக்க முடியாது தொரை."

"ஒனக்கு என்னா தெரியும்? நீ எப்ப சிப்பி சாப்பிட்ட?"

"காலையில சாப்பிட்டேன் தொரை. நோனாவும் நானும்."

துரை நோனாவைப் பார்த்தார். நோனா சிங்களத்தில் தாழ்ந்த குரலில் ஏதோ சொன்னார். எனக்குக் கேட்டது: ஆறு வைத்து ஆளைக் கொன்றவர் என்று பெயர் எடுப்பதைவிட மூன்று வைத்தவர் என்று பெயர் எடுங்கள். துரை நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். வராந்தாவுக்குத் திரும்பிப் போய்விட்டார்.

பதினாறு தட்டிலும் மும்மூன்று வைத்தேன். தட்டு காலியாகத் தெரியாமல் இருக்க மண்ணெண்ணெய் குளிர்ப்பெட்டியிலிருந்த ஐஸை எல்லாம் உடைத்துப் பரப்பினேன். தட்டுகள் உள்ளே போனதும் எனக்கு நிற்க முடியவில்லை. எல்லாவற்றையும் தட்டிப் பார்த்தேனா, ஒன்றை விட்டிருப்பேனா, சரியாக மூடாத ஒன்றை மூடியதாக நினைத்திருப்பேனா? கதவிடுக்கில் கண்ணை வைத்தேன். எடுத்தேன். மறுபடி வைத்தேன்.

அப்போதுதான் பார்த்தேன். மேசையில் இருந்தவர்களில் முக்கால்வாசிப் பேர் புது ஆட்கள், நம் நாட்டுத் துரைமாரும் அவர்களுடைய சம்சாரங்களும். ஒருத்தர் முள்கரண்டியால் சிப்பியை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தள்ளிக்கொண்டிருந்தார். ஓர் அம்மா கைக்குட்டைக்குள் துப்பினார். இன்னொருத்தர் கண்ணை மூடிக்கொண்டு, கஷாயம் குடிக்கிற பிள்ளை மாதிரி விழுங்கினார். யாரும் எண்ணிப் பார்க்கவில்லை. ஆறு இருந்திருந்தால் அழுதிருப்பார்கள். சந்தோஷமாகச் சாப்பிட்டது ஒரே ஒருவர், பக்கத்துத் தோட்டத்து வயதான வெள்ளைக்காரத் துரை. அந்த வட்டாரத்தில் மிஞ்சியிருந்த கடைசி வெள்ளைக்காரர். இடது பக்கத்தில் இருந்தவர் தன் தட்டை அவரிடம் நகர்த்தினார். வலது பக்கத்து அம்மாவும் நகர்த்தினார். ஒன்பதையும் அவர் தின்று முடித்தார்.

நோனா தலையை நிமிர்த்தி, தன்னுடைய மூன்றையும் முகம் சுளிக்காமல் விழுங்கினார். இத்தனை பேரில் அவர் ஒருவருக்குத்தான் பழக்கம் இருக்கிற மாதிரித் தெரிந்தது.

பிறகு கோழிக்கறியும் சோறும் போனது. அதில் ஒரு பருக்கை திரும்பி வரவில்லை.

எல்லாரும் புறப்படுகிற நேரம் அந்த வயதான துரை குசினிப் பக்கம் வந்தார். "கோக்கி எங்கே?" என்றார் நம் தமிழில்.

"ஆஸ்பத்திரியில தொரை. கையில வெட்டு."

"அப்ப யாரு ஒடைச்சது?"

"நான்தான் தொரை."

"ஒண்ணுகூடக் கெட்டது இல்லே" என்றார். தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டு போனார். அந்த வருஷமே தோட்டத்தை விட்டுச் சீமைக்குப் போய்விட்டதாகக் கேள்விப்பட்டேன்.

 திரும்பி வந்த தட்டுகளில் தொடாமல் கிடந்த சிப்பிகளை எங்கள் துரை நின்று பார்த்ததை நான் பார்த்தேன். அவர் காதுமடல் சிவந்திருந்தது. எனக்கு அவரைப் பார்க்கவும் பாவமாகத்தான் இருந்தது. எத்தனை நாள் தூக்கம் கெட்டிருப்பார்.

திங்கட்கிழமை பகல் என் வீட்டுக்காரர் பஸ்ஸில் வந்து இறங்கினார். இடது கை முழுக்கக் கட்டு. தண்ணீர்கூடக் குடிக்காமல் கேட்டார்.

"விருந்து என்னாச்சு?"

சொன்னேன். முழுக்கச் சொன்னேன்.

"தொடாதன்னு சொன்னேன்ல?"

"வேற யாரு செய்யிறது?"

முகத்தைத் திருப்பிக்கொண்டார். கோபம் மட்டும் இல்லை அது. தான் இல்லாமல் அந்த நாள் நடந்து முடிந்துவிட்டதே என்று இருந்திருக்கும். எனக்குப் புரிந்தது. ஆனாலும் நான் மன்னிப்புக் கேட்கவில்லை.

சாயங்காலம், வெளிச்சம் இருக்கும்போதே, தகரப் பெட்டியைத் திறந்து பாரத்தை எடுத்தார். பெட்டிமேல் விரித்தார். வலது கையில் பேனா. கட்டுப் போட்ட கையால் தாளை அமுக்க முடியவில்லை. வாசலில் அடித்த காற்றில் அது தூக்கித் தூக்கிப் போட்டது.

"தாளக் கொஞ்சம் புடி" என்றார்.

நான் நின்ற இடத்திலேயே நின்றேன்.

"புடி புள்ள."

"நான் புடிக்க மாட்டேன்."

நிமிர்ந்து பார்த்தார்.

"எனக்குப் போக விருப்பமில்ல" என்றேன். "ஒங்க அண்ணன்மாருக்குப் போகணும், போறாங்க. ஒங்களுக்குப் போகணும்னா போடுங்க, கல்ல வச்சுக்கிட்டு. நான் புடிச்சுக் குடுக்க மாட்டேன். என்னய ஒரு வார்த்த கேட்டீங்களா?"

இவ்வளவையும் நான்தான் பேசினேனா என்று எனக்கே நம்ப முடியவில்லை.  அவர் பேனாவைப் பெட்டிமேல் வைத்தார். கத்துவார் என்று நினைத்தேன். கத்தவில்லை.

"இதுவரைக்கும் ஏன் சொல்லல?" என்றார்.

நான் விளக்கை ஏற்றப் போனேன்.

மூன்று நாள் பேசாமல் இருந்தோம். நாலாவது நாள் அவர் வாத்தியாரிடம் போய் வேறு பாரம் எழுதித் தரச் சொன்னார், இலங்கைக்கு. வாத்தியார் திட்டினாராம். அந்தப் பதில் வந்து சேர எத்தனையோ வருஷம் ஆனது. அதுவரைக்கும் தபால்காரரைக் கண்டாலே இரண்டு பேரும் வாசலுக்கு ஓடுவோம். அவருடைய இடது கைச் சுண்டுவிரல் அதற்குப்பிறகு மடங்கவே இல்லை. கனமான சட்டிகளை நான் தூக்கினேன். மெல்ல மெல்லக் குசினியில் பாதி என்னுடையதாகிவிட்டது. அடுத்த வருஷம் துரை சிப்பி விருந்தைப் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை. இலை உதிர்ந்தது, துளிர்த்தது. கோழிக்கறியோடு ஒரு சாப்பாடு மட்டும் நடந்தது. பிறகு அரசாங்கம் தோட்டங்களை எடுத்தபோது துரையும் நோனாவும் வேறு ஊருக்குப் போனார்கள். போகும்போது நோனா என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். 

அண்ணன்மார் அங்கே நீலகிரிப் பக்கம் இருந்தார்கள். கடிதத்தில் குளிர், வேலையில்லை என்று எழுதுவார்கள். சில கடிதத்தில் வீடு கட்டுகிறோம் என்று எழுதுவார்கள். வீடு கட்டுகிற கடிதம் வருகிற நாளில் என் வீட்டுக்காரர் அதிகம் பேசமாட்டார்.

எழுபத்தேழில் தமிழர்களைத் தாக்கிய கலவரம் வந்தபோது அடிவாரத்துக் கிராமத்தில் ஒரு சிங்களக் குடும்பம் எங்களை இரண்டு நாள் உள்ளே வைத்துக் கதவைச் சாத்திக்கொண்டது. நெல் மூட்டைகளுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தோம். வெளியே யாராவது நடந்தால் மூச்சைப் பிடித்துக்கொள்வோம். அவர் என்னைக் குற்றம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும். இரண்டாவது நாள் பகல் நானே கேட்டேன்.

"அன்னைக்குக் கையெழுத்து போட்டிருக்கலாம்னு நெனைக்கிறீங்களா?"

"சில நாள் நெனைக்கிறேன்" என்றார்.

"இன்னைக்கு?"

"இன்னைக்கு நெனைக்கிறேன்" என்றார். பொய் சொல்லத் தெரியாத மனுஷன்.

நானும் அன்றைக்கு அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். அவரிடம் அதை ஒத்துக்கொண்டேன். அவர் மூட்டையில் சாய்ந்துகொள்ள எனக்கு இடம் விட்டுத் தள்ளி உட்கார்ந்தார்.